கன்னத்தில் வைத்துப் பார்த்த பெட்டி

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைத் தரையில் உட்கார்ந்து பெட்டிகளை அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் வெள்ளை வெளேரென்று, தொட்டால் கம்பளி மாதிரி இருக்கும் பெட்டிகள். மரத்தூளையும் நறுக்கிய வைக்கோலையும் ஈரமாக்கி அச்சில் கொட்டி, காளான் விதையைக் கலந்து வைத்தால், காளானின் வேர் நூல்நூலாக ஓடி அத்தனை தூளையும் ஒன்றாகக் கட்டிவிடும். பிறகு ஓவனில் வைத்துச் சுட வேண்டும். காளான் செத்துப்போகும், கட்டிய கட்டு நிற்கும். தெர்மாகோலுக்குப் பதிலாக இதில் உடையும் பொருளை வைத்து அனுப்பலாம், வேலை முடிந்ததும் மண்ணில் போட்டுவிடலாம். வடிவமைப்புக் கல்லூரியில் அம்மா நடத்திய வகுப்பில் மாணவர்கள் செய்த பெட்டிகள் இவை. விளக்குக் கடைக்காரர் ஒருவர் நம்பி வாங்கி, விளக்குக் கண்ணாடிகளை உள்ளே வைத்து வெளியூர்களுக்கு அனுப்பினார்.

கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் வாங்கியவர்கள் யாராலும் பெட்டியைத் திறக்க முடியவில்லை. மூடியும் அடிப்பாகமும் போகிற வழியிலேயே ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து ஒரே கட்டியாகிவிட்டன. கடைக்காரர் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்து, கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா, மூடி எங்க முடியுது, அடி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை." அம்மாவின் குரலில் பாதி எரிச்சல், பாதி பெருமை.

"இதுல பெருமைப்பட என்னம்மா இருக்கு?"

"உன் ஆபீஸ் மெஷின்ல மாட்டி இழுத்தா இந்த ஒட்டு எவ்வளவு தாங்கும்?"

"முதல்ல கண்ணாடியை வெளிய எடு."

மகள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பொறியாளர். கேபிள், குழாய், கயிறு என்று வருவதையெல்லாம் இயந்திரத்தில் மாட்டி அறும்வரை இழுத்து, எத்தனை எடையில் அறுந்தது என்று எழுதிக் கொடுப்பது வேலை. 'எனக்கு ஒட்ட வைக்கச் சம்பளம், எம்பொண்ணுக்கு அறுக்கச் சம்பளம்' என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள்.

ரொட்டி வெட்டும் கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்பாவின் இரும்பு ரம்பத்தை எடுத்தார்கள். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கருவிப்பெட்டி திறக்கும் சத்தம் மட்டும் எந்த அறையில் இருந்தாலும் அவர் காதில் விழும்.

"ரம்பத்தைத் துருப்பிடிக்க வெச்சீங்கன்னா ரெண்டு பேரையும் பார்சல் கட்டி அனுப்பிருவேன்!"

"இந்தப் பெட்டியிலயே கட்டி அனுப்புங்க," என்றாள் அம்மா. "எவனாலயும் திறக்க முடியாது. நிம்மதியா இருப்போம்."

அறுபட்ட இடத்திலிருந்து மழை நாளின் மரக்கடை வாசனை வந்தது. மகள் ரம்பத்தை இழுக்க, அம்மா இரண்டு முழங்கால்களுக்கு நடுவே பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணாடியும் வெளியே வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, வந்ததும் துண்டால் துடைத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை கமிட்டி வருதுடி. இதைத்தான் முன்னாடி வைக்கணும். என்னன்னு சொல்லி வைக்கிறது?"

அதுதான் விஷயம். வகுப்புக்குக் கல்லூரி கொடுத்திருந்த அறை தற்காலிகம். 'வெளியே ஒருத்தராவது உங்க பொருளை உண்மையா உபயோகிச்சுக் காட்டணும்' என்று பிரின்சிபால் நிபந்தனை போட்டிருந்தார். காட்டினால் வகுப்பும் அறையும் நிலைக்கும். இல்லையென்றால் அறையில் புது அச்சு இயந்திரங்கள் வந்து உட்காரும், வகுப்பு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஏன் ஒட்டிச்சுன்னு தெரிஞ்சுதா?"

"சரியா சுடலை. உயிர் பாக்கி இருந்திருக்கு. வகுப்புல ஓவன்காரன் சீக்கிரம் எடுத்திருப்பான். எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன், பாவம். இல்லைன்னே சாதிக்கிறான்." அம்மா கடைசிக் கண்ணாடியைத் துடைத்து வைத்தாள். "எழுந்திரு, முதுகு போச்சு."

செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டக் குனிந்த அம்மா நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். அவ்வளவுதான்.

அம்மா வடிவமைப்புப் படித்தவள் இல்லை. வேதியியலும் படித்தவள் இல்லை. பல்செட் செய்பவளாகத்தான் வாழ்க்கையை ஆரம்பித்தாள். ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்னால் நீளமான அறை. ஜன்னல் ஓரமாக நாலு பேர் உட்காரும் பலகை, கேஸ் சுடர், காலடியில் பிளாஸ்டர் தூள். மருத்துவர் ஒரு இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து நோயாளியைக் கடிக்கச் சொல்வார். கடித்த தடம் அப்படியே பதியும். அந்தத் தடத்தில் அம்மா பிளாஸ்டர் ஊற்றி, உறைந்ததும் எடுத்தால், யாரோ ஒருவரின் வாய் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பல் கட்ட வேண்டும்.

தெருவில் நடந்தால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைப் பார்ப்பாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்தால், மகளின் தொடையில் கிள்ளி, "மேல்வரிசை நம்மது" என்பாள். அப்பாவும் அப்படி வந்து மாட்டியவர்தான். லிப்ட் கதவில் முட்டி முன்பல் உடைந்து அந்தக் கிளினிக்குக்குப் போனார். 'ஒரு பல்லுக்குப் போனேன், முப்பத்திரண்டையும் பிடுங்கிக்கிட்டு என்னையும் பிடிச்சுக்கிட்டா' என்பது அவர் கதை. முப்பத்திரண்டு பொய். மற்றது மெய்.

பல் வேலையில் ஒரு பழக்கம் அவளுக்குப் படிந்தது. பிளாஸ்டர் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். காய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. கையைவிடக் கன்னத்துக்கு நுணுக்கம் அதிகம் என்பாள். நாளடைவில் வீட்டில் எல்லாமே கன்னத்துக்குப் போயின. தலையணை உறை, துண்டு, மழைக்காலத்தில் மகளின் பள்ளிச் சட்டை. ஒருமுறை ஷூவைக்கூட வைத்துப் பார்த்தாள். "அய்யே!" என்று மகள் கத்தினாள். "உன் கால்தானே, வேற எவன் காலா?" என்றாள் அம்மா.

கல்லூரிக்குப் போனது தற்செயலாக. அங்கே அச்சு எடுக்கும் பட்டறையில் மாணவர்கள் ஊற்றிய பிளாஸ்டரெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தது. யாரோ சொல்லி அம்மாவை ஒருநாள் கூப்பிட்டார்கள். போனவள் மாலை வரைக்கும் இருந்தாள். அடுத்த வாரமும் போனாள். கொஞ்ச நாளில் பல்லை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டாள். "ஏன்மா?" என்று மகள் கேட்டபோது, "பல்லுங்க பேச மாட்டேங்குது. இதுங்க வாயை மூட மாட்டேங்குது. எனக்கு இதுதான் தோது" என்றாள். மாணவர்கள் அவளுக்குப் 'பல்லு மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்குத் தெரியும். விடுப்பு விண்ணப்பத்தில் ஒருத்தன் அப்படியே எழுதிவிட்டபோதுகூட எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.

இளஞ்சிவப்பு மாவு கடற்பாசியிலிருந்து வருவது. அங்கேதான் இந்தப் புது வகுப்பின் வேர். ஒருநாள் குழைத்த கூழில் மிச்சத்தைக் கண்ணாடிமேல் வழித்து விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அது காய்ந்து, ஓரம் சுருண்டு, வெங்காயத் தோல் மாதிரி கழன்று வந்தது. வெளிச்சத்தில் பார்த்தாள். மடக்கினாள். அப்புறம் கடித்தாள். பல் கட்டியவளுக்குக் கடித்துப் பார்க்காமல் எதிலும் நம்பிக்கை வராது.

அதிலிருந்து வீட்டுச் சமையலறையில் பாதி இடம் போயிற்று. வெறும் பாசி மாவு, மரவள்ளி மாவு, கிளிசரின், முட்டை ஓட்டுத் தூள். எதை எதில் கலந்தால் வளையும், எது முறியும், எது நாறும். வீட்டில் நாறியது போதாதென்று கல்லூரியில் அதையே விருப்பப் பாடமாக்கினாள். பெட்ரோலில் இருந்து வராத, குப்பையில் தங்காத பொருள்களைக் கையால் செய்து பார்ப்பதுதான் பாடம். புத்தகம் கிடையாது. முதல் வாரமே அடுப்பு பற்ற வைத்தாக வேண்டும்.

அந்த வகுப்பில் நடந்த கூத்துக்கு அளவில்லை. ஒரு பெண் பாசித் தாளில் அழகான கைப்பை செய்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது எறும்புகள் அதன் பிடியைத் தின்று முடித்திருந்தன. இன்னொருவன் மழைக்கோட்டுச் செய்தான். போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். பஸ் நிறுத்தம் போவதற்குள் கோட்டு கொழகொழவென்று ஆகி முழங்கால் வழியே இறங்க ஆரம்பித்தது. ஜன்னல் திரை செய்தவர்கள் ஈரத் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டிவிட்டார்கள். காய்ந்து சுருங்கியபின் அது பூனைக்குக் கதவு போடத்தான் பொருந்தும். அம்மா எதையும் எறிய விடவில்லை. அறையின் குறுக்கே ஒரு கொடி கட்டி எல்லாவற்றையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ஏன் கெட்டது என்று செய்தவர் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் குப்பைக்கு.

மகளுக்கும் அவளுக்கும் சாப்பாட்டு மேசையில் தினமும் வாக்குவாதம்.

"எவ்வளவு வளையுது?"

"நல்லா வளையுது."

"நல்லான்னா எவ்வளவு? நம்பர் சொல்லும்மா."

"உன் நம்பருக்குக் கை இருக்கா? தொட்டுப் பாக்குமா?"

"உன் கைக்கு ஞாபகம் இருக்கா? போன மாசம் எவ்வளவு வளைஞ்சுதுன்னு சொல்லுமா?"

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

இறுதிச் சடங்குக்கு மறுநாள் மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருத்தன் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உயரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு. அப்பா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவன்தான் ஓவன்காரன். வகுப்பில் சுடும் பொறுப்பு அவனுடையது.

மகளைப் பார்த்ததும், கேட்காமலே சொன்னான்.

"அக்கா, மிஸ் திட்டினதுல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா நான் சீக்கிரம் எடுக்கலைக்கா. சத்தியமா எடுக்கலை."

"இப்ப எதுக்குடா அது?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். அவளை எல்லோரும் 'லீடர்' என்றார்கள். வகுப்பு அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தப் பட்டம் அவளே எடுத்துக்கொண்டது. அவள் மகளிடம் திரும்பினாள். "கமிட்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சிருக்காங்கக்கா. அறையைக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னுதான் தோணுது. பெட்டி ஏன் ஒட்டிச்சுன்னு எங்களுக்கே தெரியலையே. என்னன்னு பேசறது?"

மகள் வேலைக்கு விடுப்புப் போட்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் செருப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் பரிசோதனைக்கூடத்தில் சொல்லி ஒரு வெப்பமானியையும், அதன் முனையில் மாட்டும் தெர்மோகப்பிள் என்கிற மெல்லிய கம்பியையும் இரவல் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

அறை மாடியில், கடைசியில். கொடியில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. கடைசியாகத் தொங்கியவற்றுக்கெல்லாம் காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள் போல. ஓவன் ஓர் ஆள் உயரம், பழசு, ஆனால் கதவு இறுக்கமாக மூடியது. மகள் முதலில் அதைச் சந்தேகப்பட்டாள். உள்ளே கம்பியைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். தொண்ணூறு என்று வைத்தால் தொண்ணூறு காட்டியது. ஓவன்மேல் தப்பில்லை.

"சரி. அன்னிக்கு என்ன பண்ணினியோ அதையே பண்ணு," என்றாள்.

ஓவன்காரன் வளர்ந்து தயாராக இருந்த ஒரு பெட்டியை உள்ளே வைத்தான். காத்திருந்தார்கள். லீடர் டீ வாங்கி வந்தாள். குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"எப்ப எடுக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மகள்.

"மிஸ் வந்து பாப்பாங்க. வெளிய எடுத்துக் கொஞ்சம் ஆற விட்டு, இப்படி," என்று பெட்டியைத் தூக்குவது போலக் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். "'சில்லுன்னு இல்லை, எடுத்துரு'ன்னு சொன்னாங்கன்னா எடுப்பேன். அவங்க சொல்லாம எடுத்ததே இல்லைக்கா."

மகள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது போதாது, அளக்க வேண்டும்.

அம்மா எடுக்கச் சொல்லியிருக்கும் பதத்தில் பெட்டியை எடுக்கச் சொன்னாள். கொஞ்சம் ஆறியதும் கையில் வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சில்லென்று இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. நன்றாகக் காய்ந்த துண்டைப் போல இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு பெட்டியின் தடித்த மூலையில் துளை போட்டுக் கம்பியை நடுவரைக்கும் செருகினாள். எண் ஏறியது, தயங்கியது, நின்றது.

"முப்பத்தெட்டு," என்று படித்தாள். "வெளிய தோல் காய்ஞ்சு மொறுமொறுன்னு இருக்கு. உள்ள காளானுக்கு லேசா ஜுரம், அவ்வளவுதான். சாகலை."

ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். நடுவில் கை அளவுக்கு ஈரம்.

அம்மாவின் கன்னம் பொய் சொல்லவில்லை. பிளாஸ்டர் உள்ளே இருக்கும் ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும், தொட்டால் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் காளான் பெட்டி அப்படி இல்லை. சூட்டை உள்ளே விடாது, குளிரை வெளியே விடாது. தெர்மாகோலுக்குப் பதிலாக வந்த பொருளுக்குத் தெர்மாகோலின் குணமும் உண்டு. மேல்தோல் காய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே காளான் பாட்டுக்கு உயிரோடு இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஈரக் காற்றோடு லாரியில் ஏறியதும் விழித்துக்கொண்டு, எதிரே இருந்த மூடியைப் பிடித்துக்கொண்டது.

லீடர் மெல்லச் சொன்னாள். "அக்கா, இதைக் கமிட்டியில சொல்ல வேண்டாம். ஓவன் பழசுன்னு சொல்லிரலாம்."

"ஓவன் சரியா இருக்கு."

"அப்ப நான் சீக்கிரம் எடுத்துட்டேன்னே சொல்லிக்கிறேன்," என்றான் ஓவன்காரன். "ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகிறாது. மிஸ்ஸுக்கு இனிமே..."

மகள் வெப்பமானியைப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அப்பா கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். துருவெல்லாம் இல்லை. மகள் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். முப்பத்தெட்டு வரைக்கும் சொன்னாள். கன்னத்தையும் சொன்னாள்.

அப்பா துணியால் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கட்டின பல்லு முதல்ல சரியாவே உக்காரலை, தெரியுமா?" என்றார். "கடிச்சா நெத்தி வரைக்கும் வலிக்கும். சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு நான் பாட்டுக்கு மென்னுக்கிட்டிருந்தேன். அவளே கண்டுபிடிச்சா. என்னா திட்டு திட்டினா தெரியுமா! 'வலிக்குதுன்னு சொல்லாம என் வேலையை எப்படி நான் சரி பண்றது'ன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே. பயந்துட்டேன்."

"அது உங்ககிட்ட. இது நாலு பேர் முன்னாடி."

"அந்தப் பையனை நாலு பேர் முன்னாடிதான் திட்டினா."

அப்பா ரம்பத்தைப் பெட்டியில் வைத்து மூடினார்.

கமிட்டியில் மூன்று பேர் வெளியிலிருந்து வந்திருந்தார்கள். பிரின்சிபால் ஓரத்தில். மேசைமேல் அறுத்த பெட்டிகளும் அழுக்கில்லாத விளக்குக் கண்ணாடிகளும். லீடர் தடுமாறாமல் பேசினாள். என்ன கலவை, எப்படி வளர்த்தோம், கண்ணாடி எப்படி ஒன்றும் ஆகாமல் வந்தது. பெட்டி திறக்காத கதைக்கு வந்ததும் கமிட்டியில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

இன்னொருவர், கண்ணாடி போட்ட அம்மாள், புதுப் பொருள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அறுத்த மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சுட்டது போதும்னு யார் முடிவு பண்ணினாங்க?"

ஓவன்காரன் வாயைத் திறந்தான். மகள் அதற்குள் எழுந்து நின்றாள்.

"எங்கம்மா," என்றாள். "கன்னத்துல வெச்சுப் பாத்து முடிவு பண்ணினாங்க. பிளாஸ்டருக்கு அது சரி. இதுக்கு அது தப்பு. அளந்திருக்கேன், சொல்லவா?"

சொன்னாள். ஓவன் காட்டிய எண், தோல் காட்டிய எண், நடு காட்டிய எண். எல்லா நாளும் அலுவலகத்தில் யாரோ ஒருவரின் கேபிளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். குரல் ஒரே இடத்தில்தான் தடுக்கியது. 'நபர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அம்மா' என்று வந்தபோது. "சுட்டவர் மேல தப்பு இல்லை. சொன்ன நேரத்துக்குத்தான் எடுத்திருக்கார்," என்று முடித்தாள். ஓவன்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார் சிரித்தவர்.

"முடியும். நடுவுல கம்பி விட்டுச் சுடணும். நடு அறுபதைத் தாண்டி நிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. நேத்து ஒண்ணு அப்படிச் சுட்டோம்." லீடர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அது திறந்து மூடியது. "ஆனா ஒரு மழைக்காலம் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். இப்ப சொன்னா அது என் நம்பிக்கை, அளவு இல்லை."

அவர்கள் உள்ளே பேசிவிட்டு வந்தார்கள். பிரின்சிபால் சுருக்கமாகச் சொன்னார். ஒரு படிப்புப் பருவத்துக்கு மட்டும் அறை இருக்கும். நிபந்தனை மாறவில்லை. வெளியே உபயோகிக்கிறவர் ஒருவர் வேண்டும். "விளக்குக் கடைக்காரர் இனிமே காளான்னா குழம்புல மட்டும் போதும்னுட்டார். புது ஆள் பாருங்க. பருவம் முடியறதுக்குள்ள." கொஞ்சம் நின்று, மகளிடம், "அவங்க இருந்திருந்தா, நீங்க கன்னம்னு சொல்றதுக்கு முன்னாடியே தப்பு என்னுதுன்னு எழுந்து நின்னிருப்பாங்க" என்றார்.

அது உண்மையா என்று மகளுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கோபமும் வரும்.

மாடிப்படியில் இறங்கும்போது ஓவன்காரன் பின்னாலேயே வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து அவள் வேகமாக இறங்கினாள். அவன் வந்தது அதற்கு இல்லை.

"அக்கா, மிஸ் புதுசா ஒருத்தரைப் பாக்கப் போறதா இருந்தாங்க. கடைசி வகுப்புல சொன்னாங்க. லேபுக்குக் கண்ணாடி ஊதறவர் ஒருத்தர் இருக்காராம். குடுவை, வளைஞ்ச குழாய் எல்லாம் செஞ்சு அனுப்புவாராம். பாதி வழியிலேயே உடைஞ்சு போகுதாம். போன்ல பேசிட்டாங்க. போய் அளவு எடுத்துட்டு வரேன்னாங்க."

"எப்ப?"

"அந்த வாரம்தான்."

கண்ணாடி ஊதுகிறவரின் பட்டறை ஊரின் மறுகோடியில், டயர் கடைக்கும் ஒரு பூட்டிய கிடங்குக்கும் நடுவில். மகள் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன கேக்கா என்று கேட்டார்.

உள்ளே சுடர் சீறிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் குழாயைச் சுழற்றிச் சுழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "யாரு?" என்றார்.

"காலேஜ்ல இருந்து உங்களுக்கு போன் பண்ணியிருந்தாங்களே, காளான் பெட்டி டீச்சர். அவங்க பொண்ணு."

"அட, திறக்காத பெட்டி அம்மா!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுழற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. "என்னா பேச்சு பேசறாங்க! 'சார், என் பெட்டி உடையாது, ஆனா திறக்காது, பரவாயில்லையா'ன்னு கேட்டாங்க. நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வியாபாரியைப் பாத்ததில்லை. இருங்கம்மா, இதைப் பாதியில விட முடியாது. விட்டா கோணிக்கும்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். சிவந்த கண்ணாடி மெல்ல வெளுத்து, நிறம் போய், பிறகு இருப்பதே தெரியாமல் ஆயிற்று. அவர் அதை மணலில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"திறக்குதே!"

"இப்ப திறக்கும்."

அலமாரியிலிருந்து ஒரு குழாயை எடுத்து வைத்துப் பார்த்தார். கை நீளம், நடுவில் சுருள், பக்கத்தில் இரண்டு மூக்கு. பெட்டிக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு நின்றது.

"இது விளக்குக்குச் செஞ்ச அச்சு. என் சரக்கு எல்லாம் கோணல்மாணல். ஒவ்வொண்ணையும் அளவு எடுக்கணும்மா. மூக்குதான் உடையும், அங்கதான் நல்லா அணைச்சுப் பிடிக்கணும். அவங்களையே வரச் சொல்லுங்க. ஆளுங்க வாயையே அளவு எடுத்தவங்களாமே, இதெல்லாம் அவங்களுக்கு ஜுஜுபி. எப்ப வருவாங்க?"

"அம்மா இறந்துட்டாங்க," என்றாள் மகள். "உங்ககிட்ட பேசின வாரமே."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பிப் போய்ச் சுடரை அணைத்தார். சீறல் நின்றதும் பட்டறையில் தெரு சத்தம் கேட்டது, டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம்.

"நீங்க எடுக்கறீங்களா அளவு?" என்று கேட்டார்.

"எனக்கு அச்சு எடுக்கத் தெரியாது. எனக்கு இழுத்து அறுக்கத்தான் தெரியும். அம்மாவோட வகுப்புப் பசங்க வருவாங்க."

"நல்லா எடுப்பாங்களா?"

"தெரியாது. தப்பா எடுத்தா ஏன்னு சொல்லுவாங்க. மறுபடி எடுப்பாங்க."

அவர் அலமாரியிலிருந்து இன்னும் நாலைந்து குழாய்களை எடுத்து, மூக்கு உடையாமல் ஒவ்வொன்றாகப் பலகைமேல் வரிசையாக அடுக்கினார். "இதெல்லாம் அனுப்பற சரக்கு. இங்கயே இருக்கட்டும், யாரும் தொட மாட்டாங்க. வரச் சொல்லுங்க."

மகள் வாசலுக்கு வந்து ஓவன்காரனுக்கு போன் செய்தாள்.

"நாளைக்கு நீயும் லீடரும் இங்க வாங்க. அச்சு எடுக்கற மாவை எடுத்துட்டு வாங்க. அளவு எடுக்கணும்."

"அது மிஸ் எடுக்கறேன்னு சொன்ன அளவுதானேக்கா?"

"ஆமா," என்றாள். "எடுக்காம அப்படியே கிடக்கு."